ஓடையின் நலத்தைக் கல்லுக்கு அடியில் தேடுங்கள்

வீட்டுக்கு அருகே ஓடும் சிற்றோடை ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர் அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. ஒரு புட்டி நீரை ஆய்வகத்தில் கொடுத்ததில் எல்லாம் வரம்புக்குள் இருப்பதாகவே அறிக்கை வந்தது. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்பு பார்த்த சிறு மீன்களை இப்போது காணவில்லை. ஒரு கரையோரம் துருநிறத்தில் ஏதோ படிந்து, அதன்மேல் எண்ணெய் போல மினுங்குகிறது. அழுகிக் கிடக்கும் இலைகளையும் முறிந்து விழுந்த கிளைகளையும் அள்ளிச் சுத்தம் செய்தால் சரியாகுமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. 'தண்ணீர் நன்றாக இருக்கிறதா' என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் மீன்களைப் பற்றிய அந்த ஒரு வரியைப் படித்ததும் உங்கள் கவலை எங்கே இருக்கிறது என்று புரிந்தது. இந்த ஓடை இன்னும் உயிருள்ள ஓடையாக இருக்கிறதா, இல்லை வெறும் நீர் போகும் வழியாகிவிட்டதா என்பதையே நீங்கள் அறிய விரும்புகிறீர்கள். சிற்றோடைகளில் முழங்கால் அளவு நீரில் நின்று அடித்தள உயிரினங்களை எண்ணுவது 20 ஆண்டுகளுக்கும் மேலாக என் வேலை. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும் முதலில்: இலைகளையும் கிளைகளையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். காரணம் பின்னால் வரும்.

குடிக்க உகந்த நீர் வேறு, நலமான ஓடை வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் குழப்பம் பெரிது. எந்த மாசும் அண்டாத காட்டு ஓடையிலும் விலங்குகளின் கழிவு கலந்திருக்கும். அந்த நீரைக் காய்ச்சாமல் குடித்தால் நோய் வரலாம். ஆனாலும் அது மிக நலமான ஓடை. மறுபக்கம், குளோரின் கலந்த குழாய்நீர் நமக்குப் பாதுகாப்பானது. அதை அப்படியே ஓர் ஓடையில் விட்டால் மீனும் பூச்சியும் சாகும். தெளிவும் அப்படித்தான். சுரங்கங்களிலிருந்து வடியும் அமில நீர் சில இடங்களில் பளிங்கு போல இருக்கும். அதில் ஒரு புழுகூட இல்லாமல் போகலாம். மழைக்குப் பிறகு இரண்டு நாள் கலங்கி ஓடும் ஓடையோ முழு நலத்தோடு இருக்கலாம். ஆகவே உங்கள் ஓடையின் தெளிவை நல்ல அறிகுறியாகவோ கெட்ட அறிகுறியாகவோ நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து அந்த ஆய்வக அறிக்கை. அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஓடைக்குப் பொருந்தாது. நீங்கள் புட்டியை முக்கி எடுத்த நொடியில் அங்கே இருந்த நீர், அடுத்த நொடியில் போய்விட்டது. நள்ளிரவில் ஒரு குழாய் திறக்கப்பட்டு விடியும் முன் மூடப்பட்டிருந்தால், காலை 10 மணிக்கு எடுத்த மாதிரிக்கு அது தெரியாது. முதல் மழையில் வயலிலிருந்து கழுவி வரும் பூச்சிக்கொல்லி சில மணி நேரத்தில் கடந்துபோய்விடும். அதற்குள் ஓடையின் பாதி உயிர்கள் போயிருக்கலாம்.

கரைந்த ஆக்சிஜனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறிக்கைகளில் மிக அதிகமாக ஏமாற்றுவது அதுதான். கடல்மட்ட உயரத்தில் 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் நீர், காற்றிலிருந்து லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்றுக்கொள்ளும். 30 டிகிரியில் அது சுமார் 7.6 ஆகக் குறைந்துவிடும். வெப்பம் ஏற ஏற நீர் தாங்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதே வேளையில் உயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கூடுகிறது. நிழல்தரும் மரங்களை வெட்டினால் ஓடை மூச்சுத் திணறுவது இதனால்தான். இதற்கு மேல் இரவு பகல் ஏற்றத்தாழ்வு ஒன்று உண்டு. பாசியும் நீர்ச்செடிகளும் பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அவையும் மற்ற உயிர்களோடு சேர்ந்து அதை உறிஞ்சும். அதனால் அளவு பிற்பகலில் உச்சத்திலும், விடியலுக்குச் சற்று முன் அடிமட்டத்திலும் இருக்கும். உரமோ கழிவுநீரோ சேர்ந்து பாசி மண்டிய ஓடையில் இந்த ஏற்றத்தாழ்வு மிகக் கடுமையாகும்.

இதை நான் கண்ணால் கண்ட ஓடை ஒன்று உண்டு. நண்பகலில் அளவுமானி 10 மில்லிகிராமுக்கு மேல் காட்டியது. தாளில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஆனால் கற்களைப் புரட்டினால் செந்நிறப் புழுக்களையும் அட்டைகளையும் தவிர எதுவும் இல்லை. இரண்டும் ஒத்துப்போகாததால் மறுநாள் விடியலுக்கு முன்பே போனோம். 5 மணிக்கு அதே இடத்தில் அதே மானி 2-க்கும் கீழே காட்டியது. கரையோரம் சில நத்தைகள் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. வெயில் ஏறியதும் அளவு தானாக உயர்ந்துவிட்டது. அலுவலக நேரத்தில் போகிற எவருக்கும் அந்த 2 கண்ணில் பட்டிருக்காது. புழுக்களும் அட்டைகளும்தான் முதல் நாளே சொல்லிவிட்டன. உங்கள் மீன்கள் காணாமல்போனதற்கு இப்படி ஒரு விடியற்காலையும் காரணமாக இருக்கலாம்.

ஓடையின் அடியில் வாழும், வெறும் கண்ணுக்குத் தெரியும் சிற்றுயிர்களை நாங்கள் இவ்வளவு நம்புவதற்குக் காரணம் எளிது. அவை சில வாரங்கள் முதல் ஓராண்டுக்கும் மேல் அங்கேயே கிடப்பவை. மீன் நீந்தி ஒதுங்கிக்கொள்ளும். இவற்றால் அவ்வளவு தூரம் போக முடியாது. நள்ளிரவுக் கழிவு, முதல் மழை நஞ்சு, விடியற்காலை மூச்சுத்திணறல் எல்லாவற்றையும் உடம்பில் வாங்கிக்கொண்டு பிழைத்தவை மட்டுமே நம் வலையில் வரும். இந்த எண்ணம் புதிதல்ல. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் 1908, 1909 ஆண்டுகளிலேயே, கழிவு கலந்த ஆற்றில் எந்தெந்தச் செடிகளும் உயிரினங்களும் எந்த நிலையில் தென்படுகின்றன என்று வகைப்படுத்தினார்கள். இன்றைய முறைகள் பலவற்றுக்கும் அதுவே வேர்.

நீங்களே செய்து பார்க்கலாம். 1 மில்லிமீட்டரோ அதற்கும் நெருக்கமாகவோ கண்ணுள்ள ஒரு வலை, அகலமான வெள்ளைத் தட்டு, ஒரு கரண்டி, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். ஆழம் குறைந்து, கற்களின் மேல் நீர் சலசலத்து ஓடும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஆக்சிஜன் நன்றாகக் கலப்பதும், மாசுக்கு எளிதில் தளரும் உயிர்கள் பெரும்பாலும் தங்குவதும் அங்கேதான். நீரோட்டத்தை எதிர்நோக்கி நில்லுங்கள். வலையின் வாயும் நீர் வரும் திசையைப் பார்த்து அடியில் பதிந்திருக்க வேண்டும். வலைக்கு முன்னால் உள்ள கற்களைக் காலால் கிளறிவிடுங்கள். கிளம்பும் உயிர்களை நீரோட்டமே வலைக்குள் தள்ளும். 3 நிமிடம் இப்படிக் கிளறுவது பிரிட்டனில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். எத்தனை நிமிடம் என்பதைவிட, ஒவ்வொரு முறையும் அதே நேரம் கிளறுவது முக்கியம். எப்போதும் கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி நகருங்கள். இல்லாவிட்டால் நீங்களே கலக்கிய சேற்றில் நீங்களே தேட நேரிடும். வலையைத் தட்டில் கவிழ்த்து, கொஞ்சம் ஓடைநீர் ஊற்றி, இரண்டு நிமிடம் அசையாமல் காத்திருங்கள். முதலில் குப்பை மட்டும்தான் தெரியும். பிறகு ஒரு சருகுத் துணுக்கு நடக்கத் தொடங்கும், ஒரு மணல் குழாய் நகரும். அந்தக் கணத்தில் மலைத்துப்போகாத ஒருவரை நான் பார்த்ததில்லை.

வலை இல்லையென்றாலும் குறையில்லை. உள்ளங்கையளவு தட்டையான கல்லை நீரிலிருந்து மெதுவாகத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வால்போன்ற மூன்று மெல்லிய இழைகளோடு, தட்டையான உடலைக் கல்லோடு அழுத்திக்கொண்டு பக்கவாட்டில் விரைந்து நழுவும் ஒன்று தென்பட்டால், அது மேஃபிளை என்ற பூச்சியின் இளம்பருவம். அதன் வயிற்றின் இரு ஓரமும் இலை போன்ற சிறு செவுள்கள் துடித்துக்கொண்டிருக்கும். மணல்துகளையோ இலைத்துண்டையோ தன் வாயிலிருந்து வரும் பட்டுநூலால் ஒட்டிக் குழாய்வீடு கட்டி, அதையே சுமந்து திரிவது கேடிஸ்ஃபிளையின் புழு. இரண்டே வால் இழைகள், கால் நுனியில் இரட்டை நகம் என்று இருந்தால் அது ஸ்டோன்ஃபிளை. மேஃபிளைக்கும் சிலவகைகளில் இரண்டு வால்தான் உண்டு என்பதால், நகத்தையும் செவுள் இருக்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்று குழுக்களிலும் பல வகைகள் இருப்பது, ஓடை நன்றாக இருக்கிறது என்பதற்கு நான் அறிந்தவற்றில் மிக உறுதியான அடையாளம். பார்த்த பிறகு கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே வைத்துவிடுங்கள்.

தட்டான், ஊசித்தட்டான் ஆகியவற்றின் இளம்பருவங்கள், நண்டு, சிறு இறால் போன்றவை பெரும்பாலும் இடைநிலை. ஓரளவு கேட்டைத் தாங்கும். மெல்லிய மண்புழு போன்ற புழுக்கள், அட்டைகள், செந்நிறப் புழுக்கள் ஆகியவை மிகுந்த கேட்டையும் தாங்கும். செந்நிறப் புழு என்பது கொசுவைப் போலிருக்கும், ஆனால் கடிக்காத ஒருவகைச் சிறு பூச்சியின் புழு. நம் இரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஹீமோகுளோபின் அதன் உடலில் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் வாழ்கிறது. இவற்றைக் கண்டதும் ஓடை கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள், நலமான ஓடையிலும் இவை இருக்கும். இவை மட்டுமே, அதுவும் குவியல் குவியலாக, இருப்பதுதான் கெட்ட செய்தி. இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. நீரின் மேல் சறுக்கி ஓடும் பூச்சிகளையும், மூழ்கி எழும் வண்டுகளையும், கூத்தாடிப் புழுக்களையும் பார்த்து 'ஓடை உயிரோடு இருக்கிறது' என்று மகிழ்ந்துவிடுகிறோம். அவை காற்றிலிருந்து மூச்செடுப்பவை. நீரில் ஆக்சிஜன் அறவே இல்லாவிட்டாலும் அவற்றுக்குக் கவலையில்லை. ஆகவே அவற்றைச் சாட்சியாக அழைக்காதீர்கள்.

இந்தக் கணக்கை எண்ணாக்கும் முறைகள் பல உண்டு. 1970களின் இறுதியில் பிரிட்டனில் உருவான மதிப்பெண் முறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும், அதாவது நெருங்கிய உயிர்வகைகளின் தொகுதிக்கும், 1 முதல் 10 வரை மதிப்பெண். கல்லோடு ஒட்டும் தட்டை மேஃபிளைக் குடும்பத்துக்கு 10, வலைபின்னும் கேடிஸ்ஃபிளைக்கு 5, செந்நிறப் புழுவின் குடும்பத்துக்கு 2, மண்புழு போன்றவற்றுக்கு 1. கிடைத்த குடும்பங்களின் மதிப்பெண்களைக் கூட்டலாம். கூட்டியதைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரியும் காணலாம். நான் சராசரியைத்தான் அதிகம் நம்புவேன். அதிக நேரம் தேடுகிறவருக்குக் கூட்டுத்தொகை தானாக ஏறும், சராசரி அவ்வளவு ஆடாது. ஆனால் ஒரு தட்பவெப்பத்தில் உருவான மதிப்பெண் பட்டியலை வேறொன்றுக்கு அப்படியே எடுத்துச் செல்வது ஆபத்து. ஸ்டோன்ஃபிளைகள் குளிர்ந்த நீரை விரும்புபவை. வெப்பமான சமவெளி ஓடையில் அவை இயல்பாகவே அரிது. அங்கே அவை இல்லாததற்காக மதிப்பெண் குறைந்தால் அது ஓடையின் குற்றம் ஆகாது. வெளிப்பட்டியலின் எண்ணைவிட, உங்கள் ஓடையிலேயே இரண்டு இடங்களை ஒப்பிட்டுக் கிடைக்கும் வேறுபாடு எனக்குப் பெரிதாகப் படும்.

உயிர்கள் இல்லையென்றால் உடனே நஞ்சைத் தேடாதீர்கள். சிற்றோடைகளில் நான் பார்த்த கேடுகளில் பாதிக்கு மேல் வெறும் மண்ணால் வந்தவை. கரை சரிந்தோ, மேலே எங்கோ நிலம் தோண்டப்பட்டோ வரும் நுண்மணலும் வண்டலும் கற்களின் இடுக்குகளை அடைத்துவிடும். அந்த இடுக்குகள்தான் இந்த உயிர்களின் வீடு. மீன்முட்டைகள் மூச்சுவிடுவதும் அங்கேதான். சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு கல்லைப் பிடித்துத் தூக்குங்கள். சட்டென்று வந்தால் நல்லது. சிமெண்டில் பதிந்ததைப் போல இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தால், பிடுங்கிய குழியிலிருந்து புகைபோலச் சேறு கிளம்பினால், இடுக்குகள் அடைந்துவிட்டன. இதை அளவாகவும் எடுக்கலாம். வோல்மன் என்ற அமெரிக்கர் 1954-இல் எழுதிய முறை இன்றும் பயன்படுகிறது. ஓடையைக் குறுக்காகக் கடந்து, ஒவ்வோர் எட்டுக்கும் கீழே பார்க்காமல் விரல் முதலில் தொடும் கல்லை எடுத்து அதன் நடு அகலத்தை அளந்து குறியுங்கள். 100 கற்கள் போதும். 2 மில்லிமீட்டருக்கும் சிறியவை அதில் எத்தனை என்பதைக் குறித்து வைத்து, அடுத்த ஆண்டும் எண்ணிப் பாருங்கள். கூடியிருந்தால் மேலே எங்கோ மண் நகர்கிறது.

இப்போது அந்த இலைகளுக்கு வருகிறேன். மரநிழலில் ஓடும் சிற்றோடையில் சூரிய ஒளி குறைவு, அதனால் பாசி குறைவு. அங்கே உணவுச் சங்கிலியின் முதல் கண்ணி மேலிருந்து உதிரும் இலைதான். வானோட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1980-இல் வெளியிட்ட ஆற்றுத்தொடர்ச்சிக் கருத்து இதையே மையமாகக் கொண்டது: உச்சி ஓடைகள் இலையை உண்டு வாழ்கின்றன, ஆறு அகலமாகும்போது பாசி மேலோங்குகிறது. நீரில் விழுந்த இலையில் முதலில் பூஞ்சை படியும், பிறகு அதைக் கத்தரித்து உண்ணும் பூச்சிகள் வரும். வெப்பமண்டல ஓடைகளில் இந்த வேலையின் பெரும்பங்கை நண்டும் இறாலும் செய்வதுண்டு. துணுக்குகளாகிக் கீழே போவதை வடிகட்டி உண்ணும் உயிர்கள் பிடித்துக்கொள்ளும். நீங்கள் அழுகிய குப்பை என்று பார்ப்பது அங்கே வாழும் எல்லாவற்றுக்கும் சாப்பாடு. குறுக்கே விழுந்த கிளை நீரைத் தடுத்துச் சிறு மடுவை உண்டாக்கும், வெயிலில் மீன் ஒதுங்க இடம் தரும், இலைகளைப் பிடித்து வைக்கும். நல்ல எண்ணத்தோடு ஒரே நாளில் இவற்றையெல்லாம் அள்ளிவிட்டு, பல ஆண்டுகள் எழ முடியாதபடி ஆகிவிட்ட ஓடைகளைப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது. பிளாஸ்டிக், கண்ணாடி, துணி, டயர் இவற்றை அள்ளுங்கள். வெள்ளத்தில் பாலத்தை அடைக்கக்கூடிய பெருமரம் இருந்தால் அதற்குப் பொறுப்பானவர்களிடம் சொல்லுங்கள். மற்றவை கிடக்கட்டும். தோட்டக் கழிவை வண்டி வண்டியாகக் கொட்டியிருந்தால் மட்டும் அது வேறு கதை. அது அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

துருநிறப் படிவையும் மினுமினுப்பையும் பற்றி நீங்கள் அஞ்சுவது இயல்பு. ஆக்சிஜன் இல்லாத நிலத்தடி நீரில் இரும்பு கரைந்திருக்கும். அது கரையோரம் கசிந்து காற்றைத் தொட்டதும் துருவாகப் படியும். அதை வைத்தே வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. ஆரஞ்சு நிறப் பஞ்சு போன்ற சேறும், மேலே வானவில் நிறத்தில் மெல்லிய படலமும் அவற்றின் வேலையாக இருக்கலாம். சோதிக்க ஒரு குச்சி போதும். படலத்தைக் குச்சியால் குத்துங்கள். உடைந்த கண்ணாடி போல ஓரம் கூரான துண்டுகளாகப் பிரிந்து, மீண்டும் சேராமல் நின்றால் அது பாக்டீரியாப் படலம். குச்சியைச் சுற்றி வளைந்து, எடுத்ததும் மீண்டும் ஒன்றாகக் கூடினால் பெட்ரோலியம். பெரும்பாலும் மணமும் காட்டிக்கொடுத்துவிடும். பாக்டீரியாதான் என்று தெரிந்தாலும் முழுதாக நிம்மதி அடைய வேண்டாம். பழைய குப்பைமேட்டின் கசிவும், சுரங்கநீரும் இதே நிறத்தில் வரக்கூடும். கசிவு ஒரே இடத்தில், பல காலமாக, சிறிதாக இருந்தால் இயற்கையானது என்றே முதலில் நினைப்பேன். திடீரென்று தோன்றி, ஓடையின் அடி முழுவதும் படர்ந்தால் விசாரிக்க வேண்டும்.

மீன்களைப் பற்றி என்னால் சொல்ல முடிவது குறைவு. 1981-இல் ஜேம்ஸ் கார் அமெரிக்காவில் மீன்களை வைத்தே ஓடையின் முழுமையை மதிப்பிடும் ஒரு குறியீட்டை வகுத்தார். அது இன்று பல நாடுகளில் மாற்றி அமைக்கப்பட்டுப் பயன்படுகிறது. ஆனால் மிகச் சிறிய ஓடையில் மீன் இல்லாததற்குக் காரணங்கள் பல. ஒரு கோடையில் மேல்பகுதி வற்றி, மீன்கள் கீழே ஒதுங்கியிருக்கலாம். பிறகு திரும்ப ஏற முடியாமல் ஏதோ தடுத்திருக்கலாம். ஓடையின் கீழ்ப்பகுதியில் அண்மையில் சாலைக்காகக் குழாய்ப்பாலம் போட்டார்களா என்று பாருங்கள். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் தொங்கிக்கொண்டிருந்தாலே சிறு மீன்களுக்கு அது தாண்ட முடியாத சுவர். கொசுவை ஒழிக்கவென்று யாராவது வேற்றிட மீன்களை விட்டார்களா என்றும் கேளுங்கள். கம்பூசியா போன்றவை உள்ளூர் மீன்களின் குஞ்சுகளையும் முட்டைகளையும் தின்றுவிடும். பூச்சிகள் நன்றாக இருந்து மீன் மட்டும் இல்லையென்றால், நான் முதலில் சந்தேகிப்பது தடுப்பையும் புதிய மீனையும்தான். பூச்சியும் இல்லை, மீனும் இல்லை என்றால் ஆக்சிஜன், நஞ்சு, மண் மூன்றையும் தேட வேண்டும்.

எதில் உறுதியாக இருக்கலாம், எதில் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செவுளால் மூச்சுவிடும் நுண்ணுணர்வுள்ள உயிர்கள் பல வகையாக, நல்ல எண்ணிக்கையில் இருந்தால், கடந்த சில மாதங்களாக அந்த இடத்தில் நீர் நன்றாக இருந்திருக்கிறது. இதில் எனக்கு ஐயமே இல்லை. தலைகீழாகச் சொல்வது அவ்வளவு எளிதல்ல. தொழிலின் தொடக்க ஆண்டுகளில், பெருவெள்ளம் வடிந்த ஒரு வாரத்தில் ஓர் ஓடையை ஆய்ந்து, உயிரே இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துச் சென்றிருந்தது. சில மாதங்கள் கழித்துப் போனபோது அங்கே பத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. அன்று நான் எழுதியது தவறான அறிக்கை. பூச்சிகள் வளர்ந்து சிறகு முளைத்துப் பறந்துபோன பருவத்திலும் தட்டு வெறுமையாகத் தெரியும். ஆண்டில் சில மாதம் வற்றும் ஓடைகள் வேறு வகை: அவற்றில் வகைகள் குறைவாக இருப்பது இயல்பு, வறண்ட படுகையின் ஈரமான மணலுக்கு அடியில் முட்டைகளும் சில உயிர்களும் காத்திருக்கும். அப்படிப்பட்ட ஓடையை ஆண்டு முழுதும் ஓடுவதோடு ஒப்பிடுவது அநியாயம். மணலும் சேறுமே இயல்பான படுகையாக உள்ள சமவெளி ஓடையில், கல்லோடையின் உயிர்களை எதிர்பார்ப்பதும் அப்படியே. இன்னொரு வரம்பு: இந்த உயிர்கள் 'ஏதோ நடந்திருக்கிறது' என்று சொல்லும், யார் செய்தது, எந்த வேதிப்பொருள் என்று சொல்லாது. அதற்கு மீண்டும் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் இப்போது எதைச் சோதிக்கச் சொல்வது, எங்கே, எந்த நேரத்தில் எடுப்பது என்று தெரிந்து போவீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். சந்தேகப்படும் எதற்கும், அதாவது ஒரு வடிகால், சாலை, வயல், புதுக் கட்டடம் எதுவானாலும், அதற்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் தேர்ந்தெடுப்பேன். இரண்டிலும் நீரின் வேகமும் கற்களும் நிழலும் கூடியவரை ஒன்றுபோல இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பீடு வீண். பெருமழை முடிந்து சில வாரங்கள் கழித்துத் தொடங்கி, பருவத்துக்கு ஒருமுறை, குறைந்தது ஓராண்டு பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் வெப்பநிலை, மின்கடத்துத்திறன் இரண்டையும் குறிப்பேன். மின்கடத்துத்திறன் நீரில் கரைந்த உப்புகளைக் காட்டும். பாறைக்குப் பாறை மாறும் என்பதால் தனி எண்ணுக்குப் பொருள் குறைவு, ஆனால் நூறு மீட்டருக்குள் சட்டென்று ஏறினால் இடையில் ஏதோ கலக்கிறது. ஆக்சிஜனை ஒருமுறையாவது விடியலுக்கு முன் அளப்பேன். கரையின் படத்தை ஒரே கல்லின் மேல் நின்று ஒரே திசையில் எடுப்பேன். தனியாகப் போகாதீர்கள், மழை மூட்டத்தில் இறங்காதீர்கள், கையில் காயம் இருந்தால் உறை அணியுங்கள், முடித்ததும் சோப்பால் கழுவுங்கள். வேறு ஓடைக்குப் போவதானால் வலையையும் செருப்பையும் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே போங்கள். நோயும் வேற்றிட உயிர்களும் ஈரத்தில்தான் பயணம் செய்கின்றன.

மேலிடத்துக்கும் கீழிடத்துக்கும் வேறுபாடு தெரிந்தால், நடுவில் மூன்றாவதாக ஓர் இடத்தில் வலை போடுங்கள். அது மேலிடத்தைப் போல இருந்தால் கேடு அதற்குக் கீழே கலக்கிறது. கீழிடத்தைப் போல இருந்தால் மேலே. இப்படிப் பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் நான்கைந்து முறைக்குள் ஒரு சிறு நீளத்துக்குள் வந்துவிடலாம். பெரும்பாலும் அங்கே ஒரு குழாயின் வாயோ, புல் மூடிய வாய்க்காலோ, சரிந்துகொண்டிருக்கும் கரையோ இருக்கும். தேதியும் நேரமும் படமும் இரண்டு தட்டுகளின் பட்டியலும் கையில் இருந்தால், நீர்நிலைகளுக்குப் பொறுப்பான அலுவலகத்தில் உங்களை எளிதில் திருப்பி அனுப்ப முடியாது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்பதையும் அவர்களுக்கு எழுதிக் கொடுங்கள்.